நாற்பத்தொரு லீவர்கள்

எங்கள் பட்டறைக்கு ஒரே ஷட்டர்தான், உள்ளே இரண்டு தொழில். இடது பக்கம் அக்காவுடையது, வலது பக்கம் என்னுடையது. நடுவில் தரையில் ஒரு மஞ்சள் கோடு இருக்கும். அதை அக்காதான் போட்டாள். என் பக்கத்து எண்ணெயும் கரியும் கால் முளைத்து அவள் பக்கம் வந்துவிடுகிறதாம்.

அக்கா கார்களுக்குக் கை லீவர் செய்து பொருத்துவாள். காலால் பெடல் மிதிக்க முடியாதவர்களுக்கான ஏற்பாடு அது. ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு கைப்பிடி வரும். முன்னால் தள்ளினால் பிரேக் பிடிக்கும், கீழே அழுத்தினால் வண்டி வேகமெடுக்கும். கைப்பிடியிலிருந்து இரண்டு கம்பிகள் பெடல்களுக்குப் போகும். பார்க்க அவ்வளவுதான். ஆனால் ஒவ்வொருவர் கையின் நீளம் வேறு, பிடியின் பலம் வேறு. அக்கா ஆளை வண்டியில் உட்காரவைத்து அளவெடுத்துத்தான் ஒவ்வொன்றையும் செய்வாள். ஒன்பது வருஷத்தில் நாற்பத்தொரு வண்டிகள்.

நான் சைலன்சர் மாற்றுகிறவன். என்னிடம் வருபவர்களுக்குக் கால் நன்றாக இருக்கும், காதுதான் கொஞ்சம் சந்தேகம். கம்பெனி போட்ட சைலன்சரைக் கழற்றிவிட்டு, உள்ளே தடுப்பில்லாத குழாயை வளைத்துப் பொருத்துவேன். வண்டி உறுமும். இதற்கென்று ஊரில் ஒரு கூட்டம் உண்டு. பழைய கார்களை வாங்கி, கையால் திருத்தி, ஞாயிற்றுக்கிழமை வரிசையாக ஓட்டிப்போகிற கூட்டம். எங்கள் சங்கத்துக்குத் தலைவர் ஒரு பல் டாக்டர். வாரம் முழுக்கப் பேச முடியாதவர்களோடேயே இருப்பதால் வார இறுதியில் சத்தம் கேட்டே ஆகவேண்டும் என்பார். எனக்கு ‘டமாரம்’ என்று பெயர் வைத்தது அவர்தான். இப்போது அக்காவும் அப்படித்தான் கூப்பிடுகிறாள்.

புதிய விதி வந்ததற்கு ஒருவகையில் நாங்கள்தான் காரணம். ஒரு ஞாயிற்றுக்கிழமை பத்தொன்பது கார்கள் ஒரு ஆஸ்பத்திரித் தெரு வழியாகப் போனோம். வழக்கமான தெருவில் பள்ளம் தோண்டியிருந்தார்கள். சிக்னலில் நின்றபோது யாரோ ஆக்சிலேட்டரை மிதித்தார்கள், அடுத்தவரும் மிதித்தார், நானும் மிதித்தேன். மூன்று நிமிஷம் இருக்கும். மாடி ஜன்னலிலிருந்து ஒருவர் அதைப் படம் பிடித்துப் போட்டுவிட்டார். அது ஊரெல்லாம் பரவியது. ஐந்து மாதத்தில் விதி வந்தது.

விதியை எழுதியவர்கள் சைலன்சர் என்று மட்டும் எழுதியிருக்கலாம். “எஞ்சின், புகைக்குழாய், பிரேக், ஸ்டியரிங் ஆகியவற்றோடு இணையும், தயாரிப்பாளர் பொருத்தாத எந்தப் பாகமும்” என்று எழுதிவிட்டார்கள். அப்படிப்பட்ட பாகத்துக்கு அரசு ஒப்புக்கொண்ட சோதனைக்கூடத்தின் சான்றிதழ் வேண்டும். இல்லாவிட்டால் வருடாந்தரச் சோதனையில் வண்டி தேறாது.

பல் டாக்டர் அதைக் கைபேசியில் காட்டியபோது, உரக்கப் படித்துவிட்டு நான் சிரித்தேன். “இந்த மாதிரி எத்தனை பாத்தாச்சு. ரெண்டு மாசம் பிடிப்பாங்க, அப்புறம் மறந்துடுவாங்க.”

மஞ்சள் கோட்டுக்கு அந்தப் பக்கம் கம்பியை அறுத்துக்கொண்டிருந்த அக்கா மெஷினை நிறுத்தினாள். “பிரேக்குன்னு படிச்சியா?”

“ஆமா.”

“இன்னொரு தடவை படி.”

படித்தேன். இரண்டாவது முறை எனக்கும் சிரிப்பு வரவில்லை.

முதலில் மாட்டிக்கொண்டவர் கணக்கு டீச்சர். ஐம்பது வயதுக்காரர். ஒரு விபத்துக்குப் பிறகு இடுப்புக்குக் கீழே உணர்வு கிடையாது. அக்கா பொருத்திய லீவரில் ஏழு வருஷமாக வீட்டிலிருந்து பள்ளிக்கு, பள்ளியிலிருந்து வீட்டுக்குத் தானே ஓட்டிப்போகிறவர். சோதனைத் திடலிலிருந்து அவர் போன் பண்ணினார். அக்கா என்னைப் பார்த்து, “வண்டியை எடு” என்றாள். “உன்னோடது வேண்டாம், வேன்.”

சோதனைத் திடல் என்பது தகரக் கூரை போட்ட நீளமான கொட்டகை. டீச்சரின் கார் நான்காவது பாதையில் நின்றது. டீச்சர் இறங்கவில்லை, சக்கர நாற்காலி பின்சீட்டில் மடித்துக் கிடந்தது. ஆய்வாளர் நடுத்தர வயது, கையில் அட்டையும் பேனாவும். ஏற்கெனவே டீச்சரிடம் பாடம் கேட்ட களைப்பு அவர் முகத்தில் தெரிந்தது.

“நீங்கதான் இதைச் செஞ்சதா?” என்று அக்காவைக் கேட்டார்.

“நான்தான். போன வருஷமும் இதே வண்டி, இதே லீவர். நீங்களேதான் பாஸ் பண்ணீங்க.”

“பண்ணினேன். பிரேக்கு இன்னிக்கும் நல்லாத்தான் பிடிக்குது, நானே ஓட்டிப் பாத்தேன். ஆனா சான்றிதழ் நம்பர் எழுத ஒரு கட்டம் குடுத்திருக்காங்க. அதைக் காலியா விட்டா கம்ப்யூட்டர் அடுத்த பக்கத்துக்கே போகாது.”

“அப்ப நான் எப்படி வீட்டுக்குப் போறது?” என்றார் டீச்சர் உள்ளேயிருந்து.

ஆய்வாளர் கொஞ்சம் யோசித்தார். “லீவரைக் கழட்டினா வண்டி தேறிடும்.”

“அருமை. வண்டி தேறும், நான் தேற மாட்டேன்.”

ஆய்வாளர் அட்டையைத் திருப்பி ஒரு தேதியை எழுதி அக்காவிடம் கொடுத்தார். “இந்த விதி மேல ஆட்சேபணை கேக்கறாங்க. பொதுக் கூட்டம். நானா இருந்தா நேர்ல போவேன்.” பிறகு குரலைத் தாழ்த்தி, “இன்னிக்கி வீடு வரைக்கும் போக அனுமதிச் சீட்டு தர்றேன். நாளையிலேர்ந்து ரோட்டுல எடுக்கக் கூடாது” என்றார்.

மறுநாளிலிருந்து டீச்சரை அவருடைய தங்கை வேலைக்குப் போகும் வழியில் பள்ளியில் இறக்கிவிட்டாள். ஏழரைக்கே இறக்கிவிடுவாள், எட்டரைக்குத்தான் கேட் திறப்பார்கள். ஒரு மணி நேரம் வாசலில். டீச்சர் இதை ஒரு முறைதான் சொன்னார், அதுவும் நாங்கள் கேட்டபோது. அக்கா அதை விடவேயில்லை. குழாயை வளைக்கும்போது, கை கழுவும்போது, எதிர்பாராத நேரத்தில், “ஒரு மணி நேரம்டா” என்பாள்.

சங்கத்துக்காரர்கள் பட்டறைக்கு வந்தார்கள். பல் டாக்டர் கூட்டத்தில் பேசப் பதினொரு அம்சங்கள் எழுதிக்கொண்டு வந்திருந்தார். பிறகு அக்காவைப் பார்த்து மரியாதையாகத்தான் பேசினார்.

“அம்மா, கூட்டத்துல நீங்க முதல்ல பேசுங்க. டீச்சரையும் கூட்டிட்டு வாங்க. மொத்த விதியையும் வாபஸ் வாங்கணும்னு கேப்போம். உங்களைப் பாத்தா மறுக்க மனசு வராது.”

“உங்களைப் பாத்தா?”

“எங்களைப் பாத்தா வரும்” என்றார் அவர் நேர்மையாக.

அக்கா கையுறையைக் கழற்றினாள். “டீச்சரை முன்னாடி உக்காரவெச்சுட்டு அவங்க நாற்காலிக்குப் பின்னாடி பத்தொம்பது சைலன்சர் ஒளிஞ்சுக்கும். அதானே?”

எனக்குக் கோபம் வந்தது. “அக்கா, ஒரே விதி, ரெண்டு பேருக்கும் அடி. சேர்ந்து போறதுல என்ன தப்பு? உனக்கு மட்டும் விலக்கு வாங்கிட்டு என்னை நடுத்தெருவுல விட்டுடுவியா?”

“உன்னை நான் விடலை. நீ ஆஸ்பத்திரி வாசல்ல ஆக்சிலேட்டரை மிதிச்சியே, அப்ப நீயேதான் போய் நின்னே.”

பதில் இல்லாதபோது நான் செய்வதைத்தான் செய்தேன். சத்தமாகப் பேசினேன். மூன்று நாள் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. எனக்கு ஸ்பானர் வேண்டுமானால்கூட, மஞ்சள் கோட்டின் மேல் வைத்துவிட்டுப் போவாள்.

கூட்டம் ஒரு நூலக மாடியில் நடந்தது. தலைமை தாங்கியவர் போக்குவரத்துத் துறை அதிகாரி, நரைத்த முடியைக் குட்டையாக வெட்டியிருந்த பெண்மணி. முதலில் ஒரு மனிதர் எழுந்தார். அந்த ஞாயிற்றுக்கிழமை அந்த ஆஸ்பத்திரியில் அவர் மனைவி ஆபரேஷன் முடிந்து கிடந்திருக்கிறாள். “மூணு நாளா தூங்காதவ அன்னிக்குத்தான் கொஞ்சம் கண்ணை மூடினா” என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். அவர் திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

பல் டாக்டர் பதினொரு அம்சங்களையும் வாசித்தார். ஏழாவதில் அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். டாக்டர் பேசியதில் நியாயம் இல்லாமல் இல்லை. பழைய கார்களுக்குக் கம்பெனியே உதிரி பாகம் செய்வதை நிறுத்திவிட்டது. கையால் செய்த பாகத்தைத் தடுத்தால் அந்த வண்டிகள் பழைய இரும்புக் கடைக்குத்தான் போகும் என்றார். அதை மட்டும் அதிகாரி குறித்துக்கொண்டார்.

அக்கா எழுந்தாள். கையில் ஒரு லீவரை எடுத்து வந்திருந்தாள். அதைத் தள்ளிக் காட்டினாள், அழுத்திக் காட்டினாள். டீச்சர் பள்ளி வாசலில் காத்திருப்பதைச் சொன்னாள்.

அதிகாரி லீவரை வாங்கிப் பார்த்தார். “எத்தனை செஞ்சிருக்கீங்க?”

“நாப்பத்தொண்ணு. ஒம்பது வருஷத்துல ஒண்ணுகூட உடையலை.”

“நான் அதைக் கேக்கலை. சோதனை பண்ணியிருக்கீங்களா?”

“ஒவ்வொண்ணையும் நானே ஓட்டிப் பாத்துட்டுத்தான் குடுப்பேன்.”

“ஒருத்தர் பயத்துல முழு பலத்தோட தள்ளினா எத்தனை கிலோ தாங்கும்? பத்து வருஷம் தினமும் தள்ளினா என்ன ஆகும்?”

“தெரியாது” என்றாள்.

பின்னால் யாரோ ‘ச்சு’ கொட்டினார்கள். எங்கள் சங்கத்துக்காரர்தான்.

“சோதனைக்குக் குடுக்கத் தயாரா?” என்றார் அதிகாரி. “தேறினா, மாற்றுத்திறனாளிகளுக்கான உபகரணம்னு ஒரு தனிப் பிரிவு போட நான் எழுதறேன்.”

“தயார்.”

வெளியே படிக்கட்டில் பல் டாக்டர் தலையில் கைவைத்துக்கொண்டார். “இவங்க ஒத்துக்கிட்டா எங்களையும் சோதனைக்கு வான்னு கூப்பிடுவாங்களே!” அக்கா காதில் வாங்காமல் லீவரைத் துணியில் சுற்றிக்கொண்டு நடந்தாள். நான் அவள் பின்னால் போனேன். அன்று ஏன் அவள் பின்னால் போனேன் என்று இப்போதும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. அந்த மனிதரின் மனைவி தூங்கிய கதை காதில் நின்றுகொண்டிருந்தது. அது ஒரு காரணமாக இருக்கலாம்.

சோதனைக்கூடம் நகரத்துக்கு வெளியே, ஆஸ்பத்திரி மாதிரி சுத்தமாக இருந்தது. அங்கிருந்த பொறியாளர் ஒல்லியான ஆள், பேச்சு குறைவு. அக்காவின் லீவரை ஒரு போலி ஸ்டியரிங் தண்டில் மாட்டி, ஒரு இயந்திரக் கையை அதன்மேல் பொருத்தினார். அது டொக், டொக் என்று ஓயாமல் தள்ளும். ஒரு தள்ளலுக்கு ஒரு எண் ஏறும். லட்சம் வரை போகவேண்டும். பிறகு ஒரே ஒரு பெரிய தள்ளல்.

மூன்றாம் நாள் போன் வந்தது. இருவரும் போனோம்.

இயந்திரம் அறுபத்திரண்டாயிரத்துச் சொச்சத்தில் நின்றிருந்தது. பொறியாளர் ஒரு சிறிய விளக்கை அக்காவிடம் கொடுத்தார். லீவரை ஸ்டியரிங் தண்டோடு கவ்விப் பிடிக்கும் பட்டை இருக்கிறதே, அதில் வெல்டிங் முடிகிற இடத்தில் முடி மாதிரி ஒரு கோடு.

“விரிசல்” என்றார் அவர். “உங்க வெல்டிங் நல்லாவே இருக்கு. அதுக்குப் பக்கத்துல தகடு சூடாகி பலம் போயிருக்கு. தகடு மெலிசு, அதான்.”

அக்கா விளக்கைப் பிடித்தபடியே நின்றாள். “இப்ப பெரிய தள்ளல் கொடுத்தா?”

அவர் எங்களைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு பொத்தானை அழுத்தினார். பட்டை பிளந்து லீவர் கீழே தொங்கியது. பெரிய சத்தம் ஒன்றும் வரவில்லை.

நான் அவளை நாற்காலியில் உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. “அறுபத்திரண்டாயிரம்னா எவ்வளவு நாள்?” என்று கேட்டாள்.

பொறியாளர் ஒரு காகிதத்தில் கணக்குப் போட்டார். “இது மெஷினோட பலமான தள்ளல். சாதாரணமா ஓட்டறவங்க இவ்வளவு பலமாத் தள்ள மாட்டாங்க. நிறைய ஓட்டறவங்களுக்கு ஒரு ஏழெட்டு வருஷம். குறைவா ஓட்டினா அதுக்கு மேல.” பிறகு சொன்னார்: “இது முன்மாதிரிச் சோதனைதான். அறிக்கை உங்களுக்கு மட்டும்தான் வரும், துறைக்குப் போகாது. திருத்தி மறுபடி குடுங்க, அது போதும்.”

வேனில் ஏறியதும் நான் சொன்னேன்: “நல்ல வேளை. யாருக்கும் தெரியாம சரிபண்ணிடலாம்.” மனதார நல்லதாகத்தான் சொன்னேன்.

“புதுசைச் சரிபண்ணிடலாம்” என்றாள் அக்கா. “பழைய நாப்பத்தொண்ணும்?”

“அதுக்கு ஒம்பது வருஷமா ஒண்ணும் ஆகலையே.”

“அதைத்தான் நான் அந்த அம்மாகிட்டச் சொன்னேன். அவங்க என்ன சொன்னாங்க?”

வீடு வந்ததும் பழைய நோட்டுப் புத்தகங்களை எடுத்துத் தரையில் பரப்பினாள். ஆளின் பெயர், கை அளவு, போன் நம்பர். நாற்பத்தொன்றில் இருவர் இறந்துவிட்டார்கள், அவர்கள் வண்டிகளில் லீவரைக் கழற்றியாயிற்று. மூன்று பேர் வண்டியை விற்றிருந்தார்கள். வாங்கியவர்கள் யார் என்று தேடவேண்டியிருந்தது. முதல் போனை அக்கா டீச்சருக்குப் பண்ணினாள்.

“டீச்சர், வண்டியை காம்பவுண்டுக்குள்ளகூட நகர்த்த வேண்டாம். என்னோட பட்டையில பலம் குறைச்சல்னு தெரிஞ்சுருக்கு. வந்து மாத்தித் தர்றேன்.”

“இதை நீ வெளியில சொன்னா, சான்றிதழ் கிடைக்குமா?”

“தெரியலை டீச்சர்.”

“அப்ப ஏன் சொல்றே?”

“லீவர் கையோட வந்துட்டா, அப்புறம் யாருக்குச் சொல்லி என்ன?”

டீச்சர் பெருமூச்சு விட்டார். “சரி. எப்படியும் வண்டி சும்மாதான் நிக்குது. என்னைக் கடைசியில வெச்சுக்க, தினமும் ஓட்டறவங்களை முதல்ல பாரு.”

எல்லோரும் டீச்சர் மாதிரி இல்லை. ஒருவர், “இத்தனை நாள் என் குழந்தைகளை இதுல ஏத்திட்டுப் போனேன்” என்று கத்திவிட்டு வைத்துவிட்டார். அக்கா மறுபடி அவரைக் கூப்பிட்டாள், மறுபடியும் கத்தினார், மூன்றாவது முறை விலாசம் சொன்னார். இன்னொருவர், ஒரு டைலர், நம்பவே மாட்டேன் என்றார்.

“எட்டு வருஷமா ஓட்டறேன்மா. பாறை மாதிரி இருக்கு. அரசாங்கம் உன்னை மிரட்டிச் சொல்லவெக்குதா?”

“இல்லைங்க. நானேதான் சொல்றேன். தயவுபண்ணி ஓட்டாதீங்க, நாங்களே வர்றோம்.”

“நாங்களே” என்றால் யார் என்பது அப்போது அவளுக்கே தெரியாது. முப்பத்தொன்பது வண்டிகள், பாதிக்கு மேல் வெளியூர்களில். எங்களிடம் இருப்பது ஒரு வேன். நான் பல் டாக்டருக்குப் போன் பண்ணினேன். நூலகப் படிக்கட்டுக்குப் பிறகு அவர் என்னோடு பேசியிருக்கவில்லை. விஷயத்தைச் சொன்னேன். திட்டுவார் என்று காதிலிருந்து போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டேன்.

“விரிசலா?” என்றார். “எத்தனை பேருக்கு?”

“பாத்தாத்தான் தெரியும்.”

“நம்மாளுங்கள்ல வெல்டிங் தெரிஞ்சவங்க நாலு பேரு. மத்தவங்களுக்கு ஸ்பானர் பிடிக்கத் தெரியும். ஞாயித்துக்கிழமை வர்றோம்.” பிறகு, “ஆனா டமாரம், நெடுஞ்சாலையில இப்ப சத்தத்தை அளக்கறாங்க” என்றார்.

அதனால் அந்த வாரம் முழுக்க நான் என் தொழிலைத் தலைகீழாகச் செய்தேன். நான் பொருத்திய குழாய்களை நானே கழற்றி, அட்டைப்பெட்டிகளில் தூங்கிய கம்பெனி சைலன்சர்களை மாட்டினேன். ஒன்பது கார்கள். ஞாயிறு காலை பட்டறை வாசலில் அவை வரிசையாக நின்று ஸ்டார்ட் ஆனபோது, பரீட்சை எழுதப் போகிற பிள்ளைகள் மாதிரி இருந்தது. எதிர்வீட்டுக்காரர் வெளியே வந்து பார்த்தார். வண்டி ஏதோ கெட்டுப்போய்விட்டதா என்று கேட்டார்.

அக்கா அதற்குள் புதுப் பட்டை செய்திருந்தாள். தகடு இருமடங்கு தடிமன், மூலையில் முக்கோணமாக ஒரு முட்டுத் தகடு. அதை முதலில் சோதனைக்கூடத்துக்கு அனுப்பினாள். எண் லட்சத்தைத் தாண்டியது, பெரிய தள்ளலையும் தாங்கியது. பிறகுதான் மற்றவற்றைச் செய்தாள். ராத்திரி பகல் என்று பெருமையடிக்கும் வழக்கம் அவளுக்கில்லை. எட்டு மணிக்குத் தொடங்கி ஆறு மணிக்கு நிறுத்துவாள். களைத்த கையால் போடும் வெல்டிங்கில்தான் விரிசல் வரும் என்பாள்.

ஐந்து ஞாயிற்றுக்கிழமைகள் ஆனது. டைலர் வீட்டுக்கு நானும் அக்காவும் போனோம். அவர் வாசலில் சக்கர நாற்காலியில் கைகட்டி உட்கார்ந்திருந்தார். “பாத்துக்கங்க, ஒண்ணும் இருக்காது” என்றார். அக்கா டாஷ்போர்டுக்குக் கீழே படுத்து விளக்கடித்தாள். ரொம்ப நேரம் வெளியே வரவில்லை. நான் குனிந்து பார்த்தேன். பட்டையில் பாதி தூரம் பிளந்திருந்தது. துரு ஏறியிருந்ததால் பழைய விரிசல் என்று தெரிந்தது.

அக்கா பட்டையைக் கழற்றி டைலரின் மடியில் வைத்தாள். அவர் அதை விரலால் தடவினார். துணியின் கிழிசலைத் தடவுகிற மாதிரி.

“நேத்து இதுல பேத்தியைக் கூட்டிட்டுப் போனேன்” என்றார்.

“ஓட்டாதீங்கன்னு சொன்னேனே.”

“சொன்னே. நான்தான் கேக்கலை.”

அக்கா சுவரோரமாகப் போய் நின்றுகொண்டாள். தோள்கள் குலுங்கின. ஒன்பது வருஷத்தில் அவள் வேலை செய்யும் இடத்தில் அழுது நான் பார்த்ததில்லை. என்ன செய்வதென்று தெரியாமல் புதுப் பட்டையை நானே மாட்ட ஆரம்பித்தேன். இரண்டு போல்ட் முறுக்கியிருப்பேன். “அது தலைகீழா இருக்குடா” என்று அவள் குரல் வந்தது. மூக்கைத் துடைத்துக்கொண்டு வந்து என்னைத் தள்ளிவிட்டு உட்கார்ந்தாள்.

மொத்தத்தில் மூன்றில் விரிசல் இருந்தது. டைலருடையதுதான் பெரிது. டீச்சருடையதில் ஒன்றுமில்லை. “என் கை மெதுவான கை” என்றார் அவர்.

அக்கா எல்லாவற்றையும் எழுதி அதிகாரிக்கு அனுப்பினாள். முதல் சோதனையில் தோற்றது, எத்தனை மாற்றினாள், எத்தனையில் விரிசல் என்பது உட்பட. நான் தடுக்கவில்லை. அதிகாரியிடமிருந்து சங்கதி வர ஏழு வாரமானது. உபகரணத்துக்குத் தனிப் பிரிவு வந்தது. அக்காவின் லீவருக்குச் சான்றிதழ் எண் கிடைத்தது. டீச்சரின் வண்டியை நான்காவது பாதையில் அதே ஆய்வாளர் பார்த்தார். எண்ணைக் கட்டத்தில் தட்டினார், அடுத்த பக்கம் வந்தது. “போயிடுச்சு!” என்றார், பெரிய பாரம் இறங்கியவர் மாதிரி.

எனக்கு அப்படி எதுவும் வரவில்லை. பழைய கார்களுக்குக் கையால் செய்யும் பாகங்களுக்கு ஒரு சின்ன வழி விட்டிருந்தார்கள். பல் டாக்டரின் பதினொன்றில் ஒன்று பலித்தது. சைலன்சருக்கு வழியில்லை. என் வாடிக்கையாளர்களில் முக்கால்வாசிப் பேர் போய்விட்டார்கள். இப்போது பழைய கார்களின் உடைந்த குழாய்களை, கம்பெனி அளவுக்கே, சத்தம் வராமல் செய்து தருகிறேன். மாதம் ஒரு முறை ஊருக்கு வெளியே ஒரு பந்தயத் தடத்தில் சத்தமாக ஓட்டிக்கொள்ள அனுமதி வாங்கியிருக்கிறோம். அங்கேயும் ஒருவர் மீட்டரைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பார். விதி சரிதான் என்று என் வாயால் சொல்லச் சொன்னால் இன்னும் சொல்ல மாட்டேன். தவறு என்றும் முன்பு போல அடித்துச் சொல்ல வரவில்லை.

அக்காவையும் விதி சும்மா விடவில்லை. சான்றிதழ் ஒரே ஒரு மாதிரிக்குத்தான். முன்பு மாதிரி ஆளுக்கேற்ப வளைக்கவோ நீட்டவோ கூடாது. கால்களோடு வலது கையும் பலமில்லாத ஒரு கூரியர்காரர் வந்தார். இடது கையால் மட்டுமே எல்லாம் செய்கிற மாதிரி ஒரு லீவர் வேண்டும் என்றார். முன்பானால் அக்கா நான்கு நாளில் கொடுத்திருப்பாள்.

“தனியா அனுமதி வாங்கணும்” என்றாள். “ஆறு வாரம்னு போட்டிருக்காங்க.”

“ஆறு வாரம்னா வேலை போயிடுமே அக்கா” என்றார் கூரியர்காரர்.

அக்கா அன்றே அளவெடுத்தாள், படம் வரைந்தாள், விண்ணப்பம் அனுப்பினாள். லீவரும் தயாராகிவிட்டது, ஆனால் பொருத்தவில்லை. அவர் கெஞ்சினார். நானும் ஒருமுறை, “மாட்டிக் குடுத்துடேன், யாரு பாக்கப் போறா” என்றேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டேன். அனுமதி வர ஒன்பது வாரமானது. அதற்குள் கூரியர் கம்பெனி வேறு ஆளை வைத்துவிட்டது. லீவரைப் பொருத்திக்கொண்டு அவர் வேறு வேலை தேடப் போனார்.

அக்கா அதிகாரிக்குக் கடிதம் எழுதினாள். ஒன்பது வாரம் ஒரு மனிதனுக்கு என்ன செய்யும் என்று தேதிவாரியாக. ஒரே ஆளுக்கான பாகத்தை இரண்டு வாரத்தில் சோதித்துக் கொடுக்க ஒரு வழியையும் எழுதினாள். அந்தப் பொறியாளரைக் கேட்டு எழுதியது. ‘பரிசீலனையில் உள்ளது’ என்று பதில் வந்தது. ஒரு மாதம் பொறுத்தாள். போன வாரம் மறுபடி எழுதினாள். இந்த முறை காகிதத்தை என்னிடம் நீட்டி, “நீயும் ஒரு கையெழுத்துப் போடு” என்றாள்.

“நான் யாருன்னு போடறது?”

“பட்டறைக்காரன்னு போடு.”

போட்டேன். பல் டாக்டரும் போட்டார்.